மயக்கம் படிக்கப் போன மகள்

மயக்கம் என்ற சொல்லை எங்கள் மலையில் நல்ல காரியத்துக்கு யாரும் எடுப்பதில்லை. பஸ் வளைவுகளில் இறங்கும்போது எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அது மயக்கம். குடித்துவிட்டு வரப்பில் கிடப்பது மயக்கம். கட்டினவளை விட்டுவிட்டு இன்னொருத்தி பின்னால் போனால் அது பெரிய மயக்கம். சந்தைக் கூட்டத்தில் முகத்தில் பொடியை ஊதிவிட்டுக் காதில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு போகிறவன் செய்வதும் அதுதான். ஆகவே தொண்ணூற்று ஒன்பதில், டாக்டர் படிப்பு முடித்துக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்த என் மகள் லீவில் வந்து அந்தச் சொல்லைச் சொன்னபோது, களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது.

"மேல படிக்கலாம்னு இருக்கேங்கப்பா. மயக்கம் குடுக்கற டாக்டருக்கு."

"மயக்கம் குடுக்கறதா?"

"ஆமாங்கப்பா. ஆபரேசன் பண்றப்ப நோவு தெரியாம தூங்க வெக்கணுமில்லீங்களா? அதுக்குத் தனிப் படிப்பு. ரெண்டு வருசம்."

"அப்ப கத்தி புடிக்கறது?"

"அது வேற டாக்டருங்க."

"மருந்து மாத்தர எழுதித் தர்றது?"

"அதுவும் வேற டாக்டருங்க."

"அப்ப நீ என்னதான் பண்ணுவ?"

"அதான் சொன்னேனே, மயக்கம் குடுப்பேன்."

அவள் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல படிப்பையெல்லாம் கீழ்நாட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு, மலைக்காரப் பெண் கேள்வி கேட்காது என்று மிச்சத்தை இவள் தலையில் கட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டேன். "இல்லீங்கப்பா, பிரசவம் படிக்கவும் எடம் கெடைக்கும். நானாத்தான் இதக் கேக்கறேன்" என்றாள். அது இன்னும் மோசமாகப் பட்டது. பிள்ளை பிறக்க வைக்கிற புண்ணியத்தை விட்டுவிட்டு யாராவது தானாக இதைக் கேட்பார்களா? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார்?

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் போய்ச் சேருவேன். இல்லாட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நான் எட்டாவதோடு நின்றவன், அவன் அதுவும் இல்லை. ஆனால் ஏர் பிடித்தால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கீழே ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் யார் வீட்டிலோ சாப்பிட்டான் என்று சொன்னார்கள். திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அம்மா ஆக்கிய களியைத் தள்ளிவிடுவான். "மருந்து வெச்சுட்டாங்க" என்று ஊரே சொன்னது. மருந்து எடுக்கிறவளிடம் கூட்டிப்போய், தழைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, தட்டத்துத் தண்ணீரில் என்னவோ கருப்பாய் மிதந்ததைக் காட்டினார்கள். தேறவில்லை. ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனவன் போனவன்தான். அதைப் பொய்யென்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன், டாக்டரைப் பெற்ற பிறகும். அப்படிப்பட்ட வீட்டில், சுயநினைவில்லாமல் ஆளைக் கிடத்துகிற வேலையை என் பிள்ளை தேடிப் போய்ப் படிக்கிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

டீக்கடையில் வேறு பேச்சு. "ஏனுங்க, உங்க பொண்ணு கொல்லிப்பாவை மாதிரி சிரிச்சே மயக்கிருமா, இல்ல ஊசி எதாச்சும் போடுமா?" என்று ஒருத்தர் கேட்க, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. "உங்களுக்குன்னா ஊசியே வேண்டாமுங்க, ஒரு கிளாஸ் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் மனசு அரித்தது.

எங்கள் மலைக் கோயில் பெரியண்ண சாமியிடம் பூக் கேட்டேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை. சாமி சரி என்கிறது. பூசாரி என் வீட்டுக்காரிக்குச் சித்தப்பா முறை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மீதிப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன், சிவப்புதான் இருந்தது. பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். சாமியை நான் சந்தேகப்படவில்லை. என் கேள்வியைத்தான் சந்தேகப்பட்டேன். படிப்பை நினைத்துக் கேட்டேனா, அவள் கல்யாணத்தை நினைத்துக் கேட்டேனா என்று எனக்கே தெளிவில்லை. ஒரு பூவுக்கு இரண்டு கேள்வி ஆகாது.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினனுக்கு, அதாவது வீட்டுக்காரியின் தம்பிக்கு, கழுத்துக் கட்டியை எடுப்பதென்று முடிவானது. வருசக்கணக்காய்ப் பலாப்பிஞ்சு மாதிரி வளர்ந்த கட்டி. "பழுத்திருந்தா நானே அறுத்து உங்களுக்கு ரெண்டு சொளை குடுத்திருப்பேன் மச்சான்" என்று அவனே கேலி பேசுவான். என் மகள் இருந்த ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு. பயிற்சிக்காக அவளை அப்போது மயக்கம் கொடுக்கிற பிரிவில்தான் போட்டிருந்தார்களாம். துணைக்கு அவன் பெண்டாட்டி போவதாக இருந்தது. நான் அவளை நிறுத்திவிட்டு நானே கிளம்பினேன். மகளிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் என்ன செய்கிறாள், யாரோடு பேசுகிறாள், எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு அந்தச் 'சரி'யைச் சொல்வதா விழுங்குவதா என்று தீர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கட்டில் கிடைத்து அவனைப் படுக்க வைத்ததும் வெளியே வந்து, வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இங்க மலைக்காரப் பொண்ணு ஒண்ணு டாக்டரா இருக்குதாமே, எப்படீங்க?"

"எது, கேள்வி கேக்கற பொண்ணா? அய்யோ சாமி! போலீஸ் ஸ்டேசன்ல கூட அத்தனை கேக்க மாட்டாங்க. ஆடற பல்லு இருக்கா, வெத்தல போடுவியா, பீடி குடிப்பியா, உங்கூட்டுல யாராச்சும் மயக்கம் குடுத்து எந்திரிக்காம போனாங்களா... சொன்னா நம்பவும் நம்பாது. மறுக்கா வந்து வேற மாதிரி கேக்கும்."

"யார் கூடயாவது சிரிச்சுப் பேசுமா?"

ஆயா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். "நீ யாரு?"

"சொந்தக்காரனுங்க."

"சொந்தக்காரன்னா உள்ள போய்க் கேளு. எதுக்கு எங்கிட்ட?"

சாயங்காலம் மகள் வார்டுக்கு வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். மாமன் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். கழுத்தை நிமிர்த்தச் சொன்னாள். "ராத்திரிச் சோத்தோட சரிங்க மாமா. காலைல பச்சத்தண்ணி கூடக் கூடாது" என்றாள். "பெரியண்ணன் மேல ஆணை" என்றான் அவன். அவள் வேறு யாரோடும் நின்று பேசவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மச்சினன் குழாயடியில் குளித்துவிட்டு வந்தான். நான் துணிப் பையிலிருந்து திருநீற்றையும் இலைப் பொட்டலத்தையும் எடுத்தேன். முதல் நாள் பெரியண்ண சாமிக்குப் படைத்த சாமைப் பொங்கல். "ஆபரேசனுக்குப் போறதுக்கு முந்தி என் தம்பி கையில குடுங்க, சாமி கூடவே போகும்" என்று வீட்டுக்காரி கட்டிக் கொடுத்தது. அவன் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டான். நானும் எடுத்துக்கொண்டேன். நாங்கள் பிரசாதத்தைச் சாப்பிட்டதாகச் சொல்வதில்லை. எடுத்துக்கொண்டோம் என்றுதான் சொல்வோம். நாள் முழுக்க விரதம் இருக்கிறவளும் சாமி சோறு எடுத்துக்கொள்வாள். விரதம் கெட்டுப்போனதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நர்ஸ் வந்து "காலைல எதும் சாப்பிட்டியா?" என்று கேட்டபோது அவன் "இல்லீங்க" என்றது பொய்யில்லை. பின்னால் வந்த டாக்டர் தம்பியிடமும் "பச்சத்தண்ணி படலீங்க" என்றான். அதுவும் மெய்தான். தண்ணீர் குடிக்கவே இல்லை.

பச்சைத் துணி உடுத்தி, தள்ளுவண்டியில் கிடத்தி, ஆபரேசன் அறை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். நான் கூடவே போனேன். இனி ஒளிந்து என்ன? வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"வாங்கப்பா. நேத்து தூணுக்குப் பின்னால நின்னதையே பாத்தேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். கண் அவள் மாமன் மேல் இருந்தது. "மாமா, எதும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல கண்ணு. எத்தன பேருக்குத்தான் சொல்றது?"

அவள் உள்ளே விடவில்லை. அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருநீறு மலையிலிருந்து வந்ததுங்களா?"

"பெரியண்ணன் கோயில் திருநீறு. உங்கம்மா குடுத்துவுட்டா."

"திருநீறு மட்டுமா குடுத்துவுட்டாங்க?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"பிரசாதம் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்."

"கொஞ்சம்னா?"

அவன் ஒரு கையைக் குவித்துக் காட்டினான். அப்புறம், பொய் சொல்லக் கூடாதென்று, இன்னொரு கையையும் பக்கத்தில் சேர்த்தான்.

"மாமா, அது வயித்துக்குள்ள போச்சா இல்லீங்களா?"

"போச்சு. அதுக்கென்ன? அது சாமி சோறு கண்ணு. சாப்பாடா?"

அவள் உள்ளே போய், தனக்கு மேலே இருக்கிற மயக்க டாக்டர் அம்மாவைக் கூட்டி வந்தாள். அந்தம்மா இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். கத்தி பிடிக்கிற டாக்டர் வெளியே வந்து, "ஒரு வாய் பிரசாதத்துக்காங்க இவ்வளவு?" என்று சலித்துக்கொண்டார். "ரெண்டு கைங்க சார்" என்றாள் என் மகள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அந்தம்மா முடித்துவிட்டார்கள்.

மச்சினனுக்கு முகம் சிறுத்துப்போனது. "வெட்டறவரே பரவால்லங்கறாரு மச்சான், இந்தப் புள்ள சொந்த மாமனையே நம்பல பாருங்க" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பேர் முன்னால் பெரியண்ணன் சோற்றைக் குற்றமாக்கிவிட்டாள். அவளைத் தனியே நிறுத்தினேன்.

"சாமி சோத்தச் சந்தேகப்படற படிப்பு நம்ம ஊட்டுக்கு வேண்டாம். என் வாயில சரிங்கற வார்த்தை வராது."

அவள் கண் கலங்கியது. ஆனாலும், "வராட்டிப் போகுதுங்கப்பா. நாளைக்குக் காலைல மட்டும் மாமாவுக்கு எதுவும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் அவளாகவே வந்து வராந்தாப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வளைவுல வர்றப்ப மாமா வாந்தி எடுப்பாரில்லீங்களா?"

"எடுப்பான். அவனுக்கு என்னைக்கும் உள்ளதுதான்."

"எடுக்கறப்ப தலைய ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்குவாரு. பொறை ஏறுனா இருமுவாரு. அது தானா நடக்கும். நாங்க மயக்கம் குடுத்துட்டா அந்தத் தானா நடக்கறது எதுவும் நடக்காதுங்கப்பா. வயித்துல இருக்கறது மேல வந்துச்சுன்னா, தொண்டையத் தடுக்க ஆளில்ல. நேரா மூச்சுப் பையில எறங்கிரும். சாமி சோறா கடைச் சோறான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப எங்கள நீ நம்பல."

"நம்பலீங்கப்பா. நீங்க பொய் சொல்லல. ஆனாலும் நம்பல." மேலும் சொன்னாள்: "கீழ இருக்கறவங்களுக்கு டீ சாப்பாட்டுல சேராது. சாப்பிடலம்பாங்க, ரெண்டு டீ உள்ள போயிருக்கும். அவங்ககிட்ட டீயக் கேக்கணும். நம்மாளுககிட்ட சாமியக் கேக்கணும். இதெல்லாம் அந்தம்மாவுக்கே தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும்."

எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "உம் பெரியப்பனுக்கு வெச்சதும் இந்த மருந்துதானா?"

அவள் சிரிக்கவில்லை, அதெல்லாம் மூடநம்பிக்கை என்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். "எனக்குத் தெரியாதுங்கப்பா. நான் அவரப் பாத்ததில்ல. ஆனா நாங்க குடுக்கறது திரும்ப முழிக்கறதுக்காகக் குடுக்கறது. தூங்க வெக்கறது பெரிய வேலையில்லீங்க. எழுப்பறதுக்குத்தான் ரெண்டு வருசப் படிப்பு."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சு நன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். மிளகு வாங்க வருகிற வியாபாரியும் நன்றாகத்தான் பேசுவான். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் எழுந்து வேலைக்குப் போனாள்.

அன்று ராத்திரியிலிருந்து மச்சினனை நான் காவல் காத்தேன். விடிந்ததும் அவன் ஒரு வெற்றிலைக்குக் கெஞ்சினான். "மச்சான், வெத்தல என்ன பொங்கலா? மென்னுட்டுத் துப்பிருவேன்." முடியாது என்றேன். கக்கூஸ் போய் வந்தவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். "அடப் போங்க மச்சான், நீங்களும் அவ கட்சியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருநீறு மட்டும் பூசிவிட்டேன். மீதிப் பொங்கலை முந்தின ராத்திரியே அடுத்த கட்டிலில் கால்கட்டோடு கிடந்த பெரியவருக்குக் கொடுத்திருந்தேன், அதுவும் அவருக்கு மறுநாள் ஆபரேசன் இல்லை என்று நர்ஸ் தன் வாயால் சொன்ன பிறகுதான்.

இந்தத் தடவை வாசலில் மகள் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். அவள் அவனிடம் இன்னொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள். கதவு மூடியது.

நான் சுவரோரம் நின்றபடியே பெரியண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. அப்பனே, அப்பனே என்பதுதான் வந்தது. நடுவில் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு தடவை அவள் தெரிந்தாள். சுற்றிலும் ஆட்கள் குனிந்து வேலை செய்ய, இவள் மட்டும் அவன் தலைப்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். பை புடைக்கும், சுருங்கும். அவன் மூச்சை அவள் விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில்கூட அசைந்து அசைந்து நிற்கிற பிள்ளை, அந்த முக்காலியை விட்டு அசையவில்லை. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

என் அண்ணனுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று தெரியாது. கொடுத்தவர் எவரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது கண் விழிப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும். அந்த மயக்கத்திலிருந்து அவன் எழவே இல்லை. அந்தச் சுவரோரத்தில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"மாமா! கண்ணத் தொறங்க. மாமா, மூச்ச நல்லா இழுங்க. உங்க பேரு சொல்லுங்க."

பதில் இல்லை. மறுபடி கேட்டாள். மறுபடி. நான் கதவோரம் போய் நின்றேன். நான்காவதோ ஐந்தாவதோ தடவை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவன் குரல் வந்தது.

"ஏங் கண்ணு... எம்பேரு கூடவா உனக்குத் தெரியாது?"

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். கத்தி பிடித்த டாக்டர் வெளியே வந்து, "பேச்சு நல்லா வருது, பயமில்ல" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கழுத்தில் பேச்சு நரம்பு போகிற இடமாம் அது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மச்சினன் கழுத்தில் பெரிய கட்டு. கண் பாதி மூடியிருந்தது. அவள் வண்டியோடு பக்கவாட்டில் நடந்து வந்தாள். வலது கை விரல்களை அவன் தாடைக்கு அடியில் கொடுத்து, முகத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தாள். வராந்தா முழுக்க அப்படியே வந்தாள். நானும் கூட நடந்தேன்.

"அதான் பேசிட்டானே சாமி, இன்னும் எதுக்குப் புடிச்சிருக்க?"

"பேசிட்டாருன்னு கைய எடுத்தா மறுபடி தூங்கிருவாருங்கப்பா. நாக்கு உள்ள விழுந்துரும். முழுசா முழிக்கற வரைக்கும் நம்பக் கூடாது."

வார்டு வாசலில் படி மேடாக இருந்தது. ஆட்கள் வண்டியை நிறுத்தித் தூக்கினார்கள். அப்போதும் அவள் கை மாறவில்லை. அவள் பார்வை அவன் நெஞ்சு ஏறி இறங்குவதில் இருந்தது.

"சரி கண்ணு" என்றேன். "போய்ச் சேந்துக்க. பொட்டி தூக்க நான் வாரேன்."

அந்த வார்த்தைக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் தலை நிமிரவில்லை, என் பக்கம் திரும்பவில்லை, அவன் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சரிங்கப்பா" என்றாள். "கொஞ்சம் வழி விடுங்க."